திரைக்குத்தான் முதல் காசு: பயணத்தில் படம் எடிட் செய்ய லேப்டாப் வாங்குபவர்களுக்கு

என் சித்தி மகள் கல்யாணம் காஞ்சிபுரத்தில் நடந்தது. முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். உடல் முழுக்கச் சின்னச் சின்னப் புட்டா, கையகல ஜரிகைக் கரை. படங்களை நான்தான் எடுத்தேன். பெங்களூருக்குத் திரும்பும் ரயிலிலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். திரையில் புடவை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. நிறத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். ஆல்பம் அச்சாகி வந்தபோது அரக்கு போய்த் தக்காளிச் சிவப்பாகியிருந்தது. புட்டாவைக் காணோம், கொசுவ மடிப்பைக் காணோம். சிவப்பு வண்ணத்தை அப்பிவைத்த மாதிரி ஒரு பரப்பு. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பீரோவிலிருந்து புடவையை எடுத்துவந்து ஆல்பத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார்.

கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அந்த லேப்டாப்பின் திரைக்கு அரக்கு நிறத்தைக் காட்டும் திறனே கிடையாது. அது மங்கலாகக் காட்ட, நான் அதை நம்பி நிறத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அன்றிலிருந்து லேப்டாப் வாங்க யோசனை கேட்கும் எல்லோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: பிராசஸரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், திரையைப் பாருங்கள்.

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கேமரா வாங்கி, வார இறுதி வந்தால் ஹம்பி, ரங்கனதிட்டு, கபினி என்று கிளம்பும் நம் ஆட்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டில் செய்ய வேண்டியதிலிருந்து, வாங்கிய பிறகு முதல் பயணம்வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

ராவ் கோப்பாக (கேமரா பதிவு செய்ததை அப்படியே, பதப்படுத்தாமல் வைத்திருப்பது) எடுக்கிறீர்களா, ஜேபெக் (கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தருவது) மட்டுமா? ஜேபெக் மட்டும் என்றால், பயணத்துக்கென்று லேப்டாப் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. போனுக்கு ஒரு கார்டு ரீடர் போதும். அந்தப் பணத்தை லென்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராவ் எடுப்பவர்கள் மேலே படிக்கலாம். 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கிய ராவ் கோப்பு ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி வரும். 45 மெகாபிக்சல் என்றால் 50 எம்பியை ஒட்டி வரும். ஹம்பியில் மூன்று நாள். காலையில் மாதங்க மலையில் சூரியோதயம், பகலில் விட்டலர் கோயிலில் அந்தக் கல்தேர் (50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது அதுதான்), மாலையில் ஹேமகூடம். நாளுக்கு 600 படம் என்று வையுங்கள். 30 எம்பி வீதம் ஒரு நாளைக்கு 18 ஜிபி, மூன்று நாளைக்கு 54 ஜிபி. பறவைப் படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ரங்கனதிட்டுப் படகில் போய் ஆற்று ஆலா மீனோடு திரும்புவதைத் தொடர்ச்சியாக அழுத்திப் பிடித்து எடுத்தால், ஒரு மணி நேரத்திலேயே ஆயிரம் படம் தாண்டிவிடும்.

அடுத்து, பயணத்தில் உண்மையிலேயே என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேலை மூன்றுதான்: கார்டிலிருந்து பத்திரமாக இறக்குவது, ஆகாததைக் கழிப்பது, நல்லதாகப் பத்துப் படத்தை எடிட் செய்து வீட்டுக்கும் நண்பர்களுக்கும் அனுப்புவது. மிச்சம் எல்லாம் வீட்டுக்கு வந்துதான். இந்த மூன்று வேலைக்கு என்ன வேண்டுமோ அதற்குப் பணம் கொடுங்கள். கடைக்காரர் விற்க நினைப்பதற்குக் கொடுக்க வேண்டாம்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் லேப்டாப்பில் போட்டுவிடாதீர்கள். நான் சொல்லும் பங்கு இது: 100 ரூபாய் இருந்தால் 80 லேப்டாப்புக்கு. மீதி 20 வெளி எஸ்எஸ்டி (படங்களின் பிரதியை வைக்கும் வேகமான சேமிப்பகம்), நல்ல கார்டு ரீடர், பைக்கு.

இரண்டாம் படி: திரை

இங்கே கொஞ்சம் நிதானமாக இருப்போம்.

திரை எவ்வளவு நிறத்தைக் காட்டும் என்பதற்கு அளவுகோல்கள் இருக்கின்றன. அடிப்படையானது எஸ்ஆர்ஜிபி. 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து உருவாக்கியது. இணையத்தில் பார்க்கும் படங்களுக்கும், நம் ஊர் லேப்களில் போடும் பெரும்பாலான பிரிண்டுகளுக்கும் இன்றும் இதுதான் பொது மொழி. உங்களுக்கு வேண்டியது 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி காட்டும் திரை. டிசிஐ-பி3 என்பது அதைவிட அகலமானது. கிடைத்தால் நல்லது, அதற்காக ஏங்க வேண்டியதில்லை.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், குறைந்த விலை லேப்டாப்களின் விவரப் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது பழைய தொலைக்காட்சிக் காலத்து அளவுகோல். 45 சதவீத என்டிஎஸ்சி என்பது எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அடர்ந்த சிவப்பும் பச்சையும் அந்தத் திரையில் வரவே வராது. என் அரக்குப் புடவை மாட்டிக்கொண்டது இப்படிப்பட்ட திரையில்தான். அதே பட்டியலில் 72 சதவீத என்டிஎஸ்சி என்று இருந்தால் அது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபிக்குச் சமம், தாராளமாக வாங்கலாம். "ஃபுல் எச்டி", "ஐபிஎஸ்", "ஆன்டி-கிளேர்" என்று மட்டும் எழுதி நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையென்றால் 45 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல திரை வைத்திருக்கும் கம்பெனி அதைச் சொல்லாமல் விடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே பெயரில் வரும் லேப்டாப்பே இரண்டு மூன்று வகைத் திரைகளோடு விற்கும். நண்பர் வாங்கியது நன்றாக இருக்கிறது என்று அதே பெயரைச் சொல்லி வாங்கினால், உங்களுக்கு வேறு திரை வரலாம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணை எடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய விவரத்தைப் பாருங்கள். லெனோவோவுக்கு பிஎஸ்ரெஃப் என்ற தளம் இருக்கிறது, மாடல் வாரியாக எல்லாம் போட்டிருப்பார்கள். நோட்புக்செக் என்ற விமர்சனத் தளம் திரைகளைக் கருவி வைத்து அளந்தே வெளியிடுகிறது.

வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். 250 நிட்ஸ் வீட்டுக்குள் சமாளிக்கும். பகலில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் உங்கள் முகம்தான் திரையில் தெரியும். பயணத்துக்கு 300 குறைந்தபட்சம். 400 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி.

ஓஎல்இடி திரைகள் கருப்பை உண்மையான கருப்பாகக் காட்டும், பார்க்க மிக அழகு. ஆனால் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் அவற்றின் நுண்ணிய மினுக்கம் சிலருக்குத் தலைவலி கொடுக்கிறது. கடையில் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, பத்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் அவை பளீரென்ற நிறத்தில்தான் இருக்கும். எஸ்ஆர்ஜிபி முறைக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

அளவு? 14 அங்குலம் என்பது என் தேர்வு. 13-ல் லைட்ரூம் போன்ற படம் எடிட் செய்யும் மென்பொருளின் இரண்டு பக்கப் பட்டைகளும் இடத்தைத் தின்றுவிடும், நடுவில் படம் சின்னதாகிவிடும். 16 அங்குலம் ஸ்லீப்பர் பெர்த்தில் மடியில் நிற்காது. 16:10 விகிதத் திரை என்றால் உயரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், நிற்க வைத்து எடுத்த படங்களுக்கு அது உதவும்.

கடைக்குப் போகும்போது ஒரு பென் டிரைவில் நீங்களே எடுத்த நான்கு படங்களை எடுத்துப் போங்கள். நிறம் உங்களுக்கு நேரில் தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். நான் கொண்டுபோவது: அந்த அரக்குப் புடவை, வாழையிலைச் சாப்பாடு, வெயிலில் ஒரு கிரானைட் பாறை, இரவில் கோயில் விளக்கு. புடவையில் புட்டா தனித்தனியாகத் தெரிகிறதா? இலையின் பச்சையில் நரம்பு தெரிகிறதா? பாறை சாம்பல் நிறமாக இருக்கிறதா, நீலம் ஓடுகிறதா? அப்புறம் முழுக்க வெள்ளையாக ஒரு படம், முழுக்கக் கருப்பாக ஒரு படம். வெள்ளையில் செத்த புள்ளிகள் தெரியும். கருப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிவது தெரியும். திரையை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். சாய்க்கும்போது படத்தின் நிறம் மாறினால் அந்த லேப்டாப் வேண்டாம்.

மூன்றாம் படி: உள்ளே இருப்பவை

ரேம் 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். 45 மெகாபிக்சல் கேமரா வைத்திருப்பவர்கள், பல படங்களை ஒட்டிப் பனோரமா செய்பவர்கள் 32 ஜிபி பார்க்கலாம். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. பின்னால் கூட்டவே முடியாது. "இப்போ எட்டு வாங்கிக்கலாம், அப்புறம் போட்டுக்கலாம்" என்பது அவற்றில் நடக்காத காரியம். எஸ்எஸ்டி பெரும்பாலும் மாற்றக்கூடியது. அதனால் பணம் இடித்தால் எஸ்எஸ்டியை 512 ஜிபியில் நிறுத்திக்கொண்டு ரேமுக்குக் கொடுங்கள். மேக்புக்கில் மட்டும் இரண்டையுமே வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

பிராசஸர் விஷயத்தில் "ஐ7-ஆ, ஐ5-ஆ" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெயரின் கடைசியில் வரும் எழுத்தையும் பாருங்கள். யூ என்று முடிந்தால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும் ரகம், பேட்டரி நிற்கும். எச், எச்எக்ஸ் என்று முடிந்தால் வேகம், சூடு, கனமான சார்ஜர். இறக்கி, கழித்து, பத்துப் படம் எடிட் செய்ய இன்று வரும் நடுத்தர பிராசஸர் எதுவும் திணறாது.

தனி கிராபிக்ஸ் கார்டு எப்போது தேவை? ஓர் உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமி இரவில் பெங்களூர் கரகம் தர்மராயர் கோயிலிலிருந்து புறப்படும். திகளர் சமூகத்தார் நடத்தும் திருவிழா. மல்லிகைப்பூ மூடிய கரகம் தலையில், சுற்றிலும் உருவிய வாளோடு வீரகுமாரர்கள். கிடைக்கும் வெளிச்சம் தெருவிளக்குதான். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 6400, 12800 என்று ஏற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும். படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கும். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவு வைத்து இந்தப் பொரியை நீக்கும் வசதி வந்தது. மல்லிகை இதழ்கள் தனித்தனியாக மீண்டு வருவதைப் பார்த்தால் மனம் நிறைந்துவிடும். ஆனால் அந்த வேலை பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பில்தான் நடக்கும். நல்ல சிப் என்றால் ஒரு படத்துக்குச் சில வினாடிகள், சாதாரண சிப் என்றால் சில நிமிடங்கள். இருட்டில் எடுப்பவர், வனவிலங்குப் படம் எடுப்பவர் என்றால் இதற்குப் பணம் கொடுங்கள். பகல் வெளிச்சத்தில் கோயிலும் மலையும் எடுப்பவருக்கு இது வெறும் கனம்.

மேக்புக் ஏரா, விண்டோஸா என்பதற்கு என் பதில்: பட்ஜெட் எட்டினால் ஏர் பயணத்துக்கு மிக நல்ல தேர்வு. 13 அங்குல ஏர் ஒன்றேகால் கிலோவை ஒட்டி, திரை 500 நிட்ஸ், பி3 நிறம். 2024 அக்டோபரிலிருந்து அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம் வருகிறது. சார்ஜரைக் கழற்றினாலும் வேகம் குறையாது. விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் கழற்றியதும் வேகம் இறங்கும். அதனால் கடையில் சோதிக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டே சோதியுங்கள். ஏரில் குறை என்றால், மின்விசிறி இல்லாததால் ஒரே மூச்சில் நானூறு படங்களை ஜேபெக்காக மாற்றி எடுக்கும்போது சூடேறி நடை தளரும். எஸ்டி கார்டு துளையும் அதில் இல்லை.

மென்பொருளுக்கு மாதாமாதம் கட்ட விருப்பமில்லாதவர்கள் டார்க்டேபிள், ரா தெரபி இரண்டையும் பார்க்கலாம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டார்க்டேபிள் பிடிபட ஒரு மாதம் ஆகும். பொறுமையாக இருங்கள்.

நான்காம் படி: எடை, மின்சாரம், துளைகள்

லேப்டாப்பின் எடையை மட்டும் பார்க்காமல் சார்ஜரோடு சேர்த்துக் கேளுங்கள். கேமிங் லேப்டாப் இரண்டேகால் கிலோ, அதன் சார்ஜர் செங்கல் மாதிரி அரை கிலோவுக்கு மேல். கேமரா, இரண்டு லென்ஸ், முக்காலியோடு அதையும் தோளில் போட்டு மாதங்க மலைப் படிக்கட்டில் ஒரு தடவை ஏறினால் போதும். லாட்ஜில் விட்டுவிட்டுப் போகலாமே என்றால், விட்டுவிட்டுப் போன பொருள் நாள் முழுக்க மனதில் இருக்கும். என் வரம்பு: சார்ஜரோடு 1.8 கிலோ.

யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. அப்படி இருந்தால் ஒரே 65 வாட் சார்ஜர் லேப்டாப்புக்கும் போனுக்கும், பல கேமராக்களுக்கும் போதும். பவர் பேங்கிலிருந்தும் ஏற்றலாம். அந்தப் பவர் பேங்க் 45 வாட்டாவது வெளியே கொடுக்கக்கூடியதாக இருக்கட்டும். போனுக்கு விற்கும் சாதாரணப் பவர் பேங்க் லேப்டாப்பை அசைக்காது.

விமானத்தில் போகிறவர்களுக்கு: 100 வாட்-அவர் வரை உள்ள பேட்டரியைக் கேள்வியில்லாமல் கொண்டுபோகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. பவர் பேங்கில் எம்ஏஎச் என்றுதான் போட்டிருக்கும். அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 20,000 என்றால் 74 வாட்-அவர். சரியாகப் போகும்.

ரயிலில் போகிறவர்கள், பெர்த்துக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறது என்று நம்பிப் போகாதீர்கள். ராத்திரி 11 மணிக்கு மேல் அதில் மின்சாரத்தை அணைத்துவிடும் வழக்கம் உண்டு. ஹம்பி எக்ஸ்பிரஸில் இரவு பெங்களூரில் ஏறினால் காலையில் ஹொசபேட்டே. அந்த இரவில் லேப்டாப் தன் பேட்டரியில்தான் ஓட வேண்டும். லாட்ஜ்களில் பிளக் பாயின்ட் தளர்ந்து போயிருக்கும், கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் இருக்கும். மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்று பையில் கிடக்கட்டும்.

துளைகளில், எஸ்டி கார்டு துளை முழு அளவில் இருந்தால் நல்லது. விவரத்தில் மைக்ரோ எஸ்டி என்று இருந்தால் கேமரா கார்டு அதில் போகாது. துளை இல்லையென்றாலும் பரவாயில்லை, யூஎச்எஸ்-2 (எஸ்டி கார்டுகளின் வேக ரகங்களில் ஒன்று) கார்டு ரீடர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். யூஎச்எஸ்-1 தரத்தின் உச்ச வேகம் வினாடிக்கு 104 எம்பி. யூஎச்எஸ்-2 உச்சத்தில் 312 வரை போகும். கார்டும் யூஎச்எஸ்-2 ரகமாக இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும் என்பதை மறக்காதீர்கள். யூஎஸ்பி-சி துளைகள் பார்க்க எல்லாம் ஒன்று போலவே இருக்கும், வேகம் வேறு வேறு. குறைந்தது ஒன்றாவது வினாடிக்கு 10 ஜிகாபிட் இருக்கிறதா என்று விவரத்தில் பாருங்கள்.

ஐந்தாம் படி: எங்கே வாங்குவது

பெங்களூரில் கணினி என்றால் எஸ்.பி. ரோடு, அதாவது சாதர் பத்ரப்பா ரோடு. மெட்ரோ பச்சை வழியில் சிக்பேட் அல்லது கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். மேலே சொன்ன தர்மராயர் கோயிலும் அந்தப் பேட்டைக்குள்தான் இருக்கிறது. கடைகளில் கன்னடம், இந்தி, தமிழ் எல்லாம் கலந்து ஓடும். அல்சூரிலிருந்தும் சிவாஜிநகரிலிருந்தும் வந்து வேலை செய்யும் பையன்கள் பலர் நம் மொழிக்காரர்கள்தான்.

என் தம்பி முறையான ஒருவனுக்கு லேப்டாப் பார்க்கப் போனபோது நடந்தது இது. கடையில் இருந்த தம்பி ஒரு மாடலை எடுத்து வைத்தார். "அண்ணா, ஐ7, பதினாறு ஜிபி. கேமே ஓடும், போட்டோ ஓடாதா?" "ஓடும் தம்பி. ஸ்கிரீன் எத்தனை பர்சென்ட் எஸ்ஆர்ஜிபி?" "ஃபுல் எச்டிண்ணா." "அது ரெசல்யூஷன். கலர் எவ்வளவுன்னு கேக்கறேன்." அவருக்குத் தெரியவில்லை. ஆனால் நல்ல பையன், உள்ளே போய் மாடல் எண்ணைப் பார்த்து வந்து, "நாற்பத்தஞ்சு என்டிஎஸ்சிண்ணா, இது உங்களுக்கு வேணாம்" என்று தானே எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். அப்புறம் விலை குறைவான ஐ5 மாடல் ஒன்றைக் காட்டினார். 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. அதைத்தான் வாங்கினோம். சரியான கேள்வியைக் கேட்டால் கடைக்காரரும் சரியாகத்தான் பதில் சொல்வார்.

எஸ்.பி. ரோடு எனக்கு அதிகம் பயன்படுவது ரேம் சேர்க்க, எஸ்எஸ்டி மாற்ற, கார்டு ரீடர் வாங்க. புது லேப்டாப்புக்கு எஸ்.பி. ரோடு, பெரிய ஷோரூம், இணையம் மூன்றிலும் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கண்டிப்பாக வேண்டும். 18 சதவீத வரி மிச்சமாகும் என்று பில் இல்லாமல் கொடுக்க வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரண்டிக்கு அந்தத் தாள்தான் ஆதாரம். ஊர் ஊராகப் போகிறவருக்குக் கீழே விழுந்தாலும் சரிசெய்து தரும் கூடுதல் பாதுகாப்புத் திட்டம் காசுக்கு ஏற்றது.

பழையது வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஐடி கம்பெனிகள் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் எல்லாம் குறைந்த விலையில் கிடைக்கும். கட்டுமானம் உறுதி, விசைப்பலகை அருமை. ஆனால் கம்பெனிகள் மொத்தமாக வாங்கிய அந்த மாடல்களில் பெரும்பாலும் இருப்பது மலிவான 45 சதவீத என்டிஎஸ்சி திரைதான். அதனால் மாடல் எண்ணைப் பார்க்காமல் தொடாதீர்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையோடு பேட்டரி ரிப்போர்ட் கேட்டால், புதிதாக இருந்தபோது பேட்டரி எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டும் வரும். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். மேக்புக் என்றால் சைக்கிள் எண்ணிக்கையை (பேட்டரி முழு அளவுக்கு எத்தனை தடவை செலவாகியிருக்கிறது என்பதை) பாருங்கள். இப்போதைய மாடல்கள் ஆயிரம் சைக்கிளுக்கு வடிவமைக்கப்பட்டவை. பழைய உரிமையாளரின் கணக்கோ கம்பெனிப் பூட்டோ கழற்றப்பட்டிருக்கிறதா என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். பூட்டிய லேப்டாப் உங்களுக்கு எதற்கும் உதவாது.

ஆறாம் படி: முதல் வாரம்

வாங்கியதும் தானாக வெளிச்சம் மாறுவதை அணையுங்கள். திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் நைட் லைட், ட்ரூ டோன் இரண்டையும் அணையுங்கள். இன்டெல் சிப் உள்ளவற்றில் டிஸ்பிளே பவர் சேவிங் என்றும், ஏஎம்டியில் வேரி-பிரைட் என்றும் ஒன்று இருக்கும். பேட்டரியில் ஓடும்போது அது உங்களைக் கேட்காமலே படத்தின் ஒளி-நிழலை மாற்றிவிடும். ரயிலில் எடிட் செய்த படம் வீட்டில் வேறு மாதிரி தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தேடிப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

முடிந்தால் திரையைக் கருவி வைத்துச் சரிபாருங்கள். ஸ்பைடர், காலிபிரைட் என்று கருவிகள் உண்டு. ஒருவர் வாங்கினால் நான்கு நண்பர்கள் பயன்படுத்தலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, வெளிச்சம் 120 நிட்ஸ் என்று வைத்தால் பிரிண்டுக்கு ஒத்துவரும். சித்தியின் புடவைப் படத்தை இப்படிச் சரிசெய்த திரையில் முதலிலிருந்து எடிட் செய்தேன். நிறத்தைக் கூட்டவே தேவையிருக்கவில்லை, சிவப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. புது பிரிண்டில் புட்டாவை எண்ணலாம்.

வெளி எஸ்எஸ்டி 1 டிபி ஒன்று வாங்கி எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் படங்களை இறக்கும்போதே ஸ்மார்ட் பிரிவ்யூ உருவாக்கச் சொல்லுங்கள். நீளப் பக்கம் 2560 பிக்சல் கொண்ட சிறிய நகல் ஒவ்வொரு படத்துக்கும் உருவாகும். அசல் கோப்பு இருக்கும் எஸ்எஸ்டி பைக்குள் கிடக்க, லேப்டாப்பை மட்டும் மடியில் வைத்து எடிட் செய்யலாம்.

ஏழாம் படி: ஒத்திகை, பிறகு பயணம்

பெரிய பயணத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை லால்பாக் போய் முந்நூறு படம் எடுங்கள். அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சார்ஜர் இல்லாமல், கார்டிலிருந்து இறக்கி, கழித்து, பத்துப் படத்தை எடிட் செய்து அனுப்புங்கள். எவ்வளவு நேரம் ஆனது, பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். குறை ஏதும் இருந்தால் மாற்றித் தரும் காலக்கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.

பயணத்தில் ஒவ்வொரு இரவும் ஒரே ஒழுங்கு. கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு பிரதி, வெளி எஸ்எஸ்டிக்கு ஒரு பிரதி. இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் இரண்டு மூன்று படத்தைத் திறந்தும் பாருங்கள். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதி இதன் அடிப்படை: மூன்று பிரதி (கார்டில் இருப்பதும் ஒன்று), இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். பயணத்தில் "வேறிடம்" என்பது வேறு பை. லேப்டாப் பையில் எஸ்எஸ்டியை வைக்காதீர்கள், துணிப்பையில் வையுங்கள். கூட வரும் நண்பரின் பையில் வைத்தால் இன்னும் நல்லது.

வெயிலில் நிறுத்திய காரில் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். ஹம்பிப் பாறைகளுக்கு நடுவில் நிற்கும் கார் அடுப்பு மாதிரி கொதிக்கும், பேட்டரிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. மழைக்காலத்தில் குடகுப் பக்கம் போகிறவர்கள் பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

கார்டுகளை நடுவில் அழிக்காமல் ஓட்டும் அளவுக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு வைத்திருங்கள். நிறைந்த கார்டைக் கவிழ்த்து வைப்பது என் பழக்கம், அடுத்த நாள் அவசரத்தில் தவறி எடுத்துவிடாமல் இருக்க. பெங்களூருக்கு வந்து, வீட்டு ஹார்ட் டிஸ்கில் எல்லாம் ஏறி, சில படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கேமராவில் கார்டைப் போட்டு ஃபார்மட் பட்டனை அழுத்துவேன்.